வேங்கை என்று கையெழுத்துப் போட்டேன்

தம்பிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் மகளுக்கு முன்பல் விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்கு நீ கொடுத்த கூரை உத்திரங்களில் ஒன்று செவ்வாய்க்கிழமை முறிந்து விழுந்தது. பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவுக்குத் தோள் எலும்பு உடைந்துவிட்டது.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க பாத்துதானேம்மா வேங்கை மரம்னு எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டார். முறிந்த துண்டைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது. வேங்கை கனக்கும். இது முருங்கைக்கட்டை மாதிரி இருந்தது. பூச்சைச் சுரண்டினால் உள்ளே வெளிறிய மரம், பூச்சி அரித்த மாவு. வேங்கைச் சீவலைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தேன் நிறம் இறங்கும், அந்தத் தண்ணீரை வெயிலில் சாய்த்தால் ஓரத்தில் நீலம் ஓடும். இதைப் போட்ட தம்ளரில் சாயம்தான் மிதந்தது. பெயின்ட்டில் கலக்கும் தின்னர் நாற்றம்.

வெட்டினால் ரத்தமாய்ப் பால் வடியும் மரம் வேங்கை. படகுக்கும் வாசல் நிலைக்கும் தலைமுறை தலைமுறையாக நம்பிப் போட்டது. நம் மரம் அறுக்கும் மில்லில் அதன்மேல் ஏறி விளையாடியவன், அதன் பெயரை இந்தக் குப்பைக்கு வைத்திருக்கிறாய்.

போனில், "ஈரம் எறங்கியிருக்கும்க்கா, எந்த மரமும் ஒருநாள் முறியத்தானே செய்யும்" என்றாயே, அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. ஆயா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை.

என்மேலும் எனக்கு அருவருப்புதான். ஊரார் மரத்தையெல்லாம் சீவிப் பார்த்துத் தரம் சொல்கிறவள், தம்பி சரக்குத்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். கூரை விழுந்ததை விசாரிக்க வந்த அதிகாரியிடம் அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பெயரையும் எழுதினேன். அம்மா என்னோடு பேசுவதில்லை.

ஆயாவைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். "மழை வந்திருந்தா புள்ளைங்க உள்ளதாம்மா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மிச்சமுள்ள ஏழு உத்திரங்களையும் நாளை நானும் மேஸ்திரியும் இறக்குகிறோம். இந்த மரத்தை வேறு எந்தெந்தக் கட்டடத்துக்குக் கொடுத்தாய் என்று உடனே எழுது. காரணம் வேண்டாம், விலாசம் போதும். எழுதிவிட்டு நீயும் கிளம்பி வா. அதிகாரி கேட்கும்போது பக்கத்தில் நான் நிற்பேன்.

அங்கே குளிர் அதிகம் என்றாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
அக்கா