மூன்று பச்சைப் புள்ளிகள்

நாள் 41, 07:10
செவ்வாய், இரண்டாம் நிலையம். எழுதுவது சுகந்தி, தண்ணீர் இயந்திரப் பொறுப்பு. மற்ற மூவரும் துருவ முகாமுக்குப் போயிருக்கிறார்கள். தண்ணீர் சுத்தம், காற்று சரி. என் கட்டிலருகே உள்ள கண்ணாடிப் பெட்டிதான் வீட்டுத் தோட்டம். கோத்தகிரிச் சோலையின் தரை ஆர்க்கிட் செடி ஒன்று, விதை முந்நூறு. அது வளர்ந்த சரிவு, நான் பூமியைவிட்டுக் கிளம்பிய பிறகு பெய்த மழையில் மண்ணோடு போய்விட்டது. பூமியில் வேறெங்கும் இல்லை. இன்று இருநூற்றறுபது விதைத்தேன்.

நாள் 83, 18:30
ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கொடுத்த ரெஜினா பூமியிலிருந்து அனுப்பிய செய்தி: "அக்கா, மண்ண வேக வச்சீங்களா? அந்த விதைக்குள்ள சாப்பாடே கிடையாது. மண்ணுல இருக்கிற பூஞ்சைதான் ஊட்டணும். அதக் கொன்னுட்டீங்களே."
வேக வைத்தேன். இங்கே எந்த மண்ணையும் ஒருமுறை ஆவியில் வைப்பது விதி. அதில் கொஞ்சம் பூஞ்சையாவது தப்பியிருக்கும்; நான் இரண்டு முறை வைத்தேன். கிருமி என்றாலே என் கை சும்மா இருக்காது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாள் 84, 09:00
பூஞ்சை மிச்சமிருப்பது தாய்ச்செடியின் வேரில் மட்டும். ரெஜினா: "வேர வெட்டினா செடி பொழைக்காதுக்கா. வெட்டாட்டி எதுவுமே பொழைக்காது. நீங்கதான் முடிவு பண்ணணும்."
வெட்டினேன். மிச்ச நாற்பது விதையோடு புதைத்தேன். அழுதேன்.

நாள் 131, 06:50
செடி செத்து ஒரு மாதம். இன்று மூன்று பச்சைப் புள்ளிகள். லென்ஸ் வைத்து நாலு தடவை எண்ணினேன். மூன்றுதான்.

நாள் 139, 15:20
புழுதிப்புயல், ஒன்பதாம் நாள். சூரியத் தகடுகளைப் புழுதி மூடிவிட்டது. வெப்பமூட்டி நின்றுவிட்டது. உள்ளே மைனஸ் ஆறு. துருவ முகாமிலிருந்து எங்கள் தலைவர் பரஞ்சோதி: "சுகந்தி, வண்டி நகரல. அஞ்சு நாளாகும். எப்படியாவது தாக்குப்பிடிம்மா."
விண்ணுடுப்பு பேட்டரி என்னை ஒரு நாள் காக்கும். பெட்டியை என்றால் ஆறு நாள். கணக்கு சுலபம். பாழாய்ப்போன கணக்கு.

நாள் 139, 16:05
பேட்டரியைப் பெட்டிக்கு மாட்டிவிட்டேன்.

நாள் 139, 21:40
மைனஸ் முப்பத்தொன்று. விரல் மடங்கவில்லை. பரஞ்சோதி, கதவைத் திறந்ததும் என்னிடம் ஓடி வராதீர்கள். நேரே பெட்டிக்குப் போங்கள், குளிர்ந்த கையை உள்ளே விடாதீர்கள். எனக்குச் சாக விருப்பமில்லை, இதையும் எழுதிவைக்கிறேன். பேட்டரியைப் பிடுங்கிவிடலாம் என்று இரண்டு தடவை கை போய்விட்டது. இப்போது மறுபடியும்