பூட்டிக்கொள்ளும் உரிமை

மார்ச் 3, செவ்வாய்

பிஸ்கட் டப்பாவைச் சாப்பாட்டு மேசையிலிருந்து மேல் அலமாரிக்கு இடம் மாற்றுவது என்று இன்று காலை முடிவாயிற்று. தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தது என் ரத்தப் பரிசோதனை முடிவு. எதிர்ப்பு இல்லை. டப்பாவுக்குச் சிறு பூட்டு ஒன்றும் போட்டு, சாவியை உரிய மரியாதையுடன் மனைவியிடம் ஒப்படைத்தேன்.

"நான் கெஞ்சினாலும் தராதே."

"நீங்க கெஞ்ச மாட்டீங்க. சட்டம் பேசுவீங்க" என்றாள்.

மார்ச் 4, புதன்

வார இதழ் ஆசிரியர் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தார். இணையத்தில் பணம் வைத்துச் சூதாடுவதைத் தடை செய்வதா, குடிமக்களின் உரிமை என்று சட்டத்திலேயே எழுதிவிடுவதா என அரசு மக்கள் கருத்தைக் கேட்டிருக்கிறது. உரிமைப் பக்கம் நான் எழுத வேண்டுமாம்.

"வக்கீல் எழுதினா யாரு காசு குடுத்தாங்கன்னு கேப்பாங்க. கண்ணாடிக் கடைக்காரர் எழுதினா நம்புவாங்க சார்."

எழுதினேன். நம்பித்தான் எழுதினேன். நான் ஒரு சீட்டுக்கூட ஆடியதில்லை. ஆனால் நான் தொடாததைப் பிறரும் தொடக்கூடாது என்பது ஒழுக்கம் அல்ல, பொறாமை. தடை போட்டால் ஆட்டம் நிற்காது, விளக்கு மட்டும் அணையும். கடைசியில் ஒரு வரி தானாக வந்து விழுந்தது: 'வளர்ந்த மனிதனின் சாவி இன்னொருவர் இடுப்பில் தொங்கக் கூடாது.' எழுந்து கூடத்தில் இரண்டு சுற்று நடந்தேன். இப்படி ஒரு வரிக்கு ஒரு பிஸ்கட்டாவது தகும்.

மனைவி தரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கட்டுரை வந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் பிரமாதம் என்றார். படித்தாரா என்று கேட்கவில்லை. சந்தோஷத்தைச் சோதிக்கக் கூடாது.

மார்ச் 14, சனி

மைத்துனன் கடைக்கு வந்தான். மனைவியின் தம்பி, லிஃப்ட் பழுதுபார்ப்பவன். போன வருடம் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோக, உள்ளே மூன்று பேர். இவன் அதன் கூரைமேல் உட்கார்ந்து, கையில் ஃபோனோடு, "ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சீட்டாட்டத்தை ஆடி முடித்தான். மூவரில் ஒருவர் இதய நோயாளி. பிழைத்துக்கொண்டார். நிறுவனம் இவனை நகரும் படிக்கட்டுப் பிரிவுக்குத் தள்ளியது.

மறுநாள் யாரும் சொல்லாமல் அவனாகவே போய்த் தடைப் பதிவேட்டில் பெயர் கொடுத்தான். பெயர் கொடுத்தவரை எந்தச் சூதாட்டத் தளமும் உள்ளே விடாது. கூடவே, பூட்டுக்குப் பொறுப்பாகத் தனக்கு வேண்டியவர் ஒருவரின் பெயரையும் 'காவலர்' என்று தர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள்: திறக்கலாமா, தொடரட்டுமா? காவலரும் ஒப்புக்கொண்டால்தான் திறக்கும். காவலர் நான். இந்த வருடக் கேள்வி இந்த வாரம் வந்திருந்தது.

இன்று கண் பரிசோதனை நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இதழை விரித்து உரக்க வாசித்தான்.

"'வளர்ந்த மனிதனின் சாவி இன்னொருவர் இடுப்பில் தொங்கக் கூடாது.' இது யாரு எழுதினது மாமா?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கீங்க. சாவியக் குடுங்க."

"அது ஊருக்கு எழுதினதுடா."

"நான் ஊர்ல இல்லியா? மூணு மாசத்துல என்னை மறுபடி லிஃப்டுக்கு எடுத்துக்கறாங்க. அவங்களே நம்பறாங்க. ஞாயித்துக்கெழம ஒரே ஒரு ஆட்டம். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அவன் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைச் செருகி, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகினேன். "இது தெளிவா, முன்னாடி இருந்ததா?"

"பேச்ச மாத்தாதீங்க மாமா" என்றவன், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "முன்னாடி இருந்ததுதான்" என்றான்.

மார்ச் 15, ஞாயிறு

வளர்ந்த மனிதன் யார்? பூட்டச் சொன்னவனா, திறக்கச் சொல்கிறவனா? இருவருக்கும் ஒரே மீசை. இருவருக்கும் வாக்குரிமை உண்டு. நான் எவன் பக்கம்? கட்டுரை எழுதியபோது இவன் என் நினைவில் வரவே இல்லை — எப்படி வராமல் போனான்? சொந்த வீட்டு ஆளே கண்ணில் படாத அளவுக்கு அந்த வரி அவ்வளவு பளபளப்பா? சே.

மனைவியிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"டப்பாவ மேல வைக்கச் சொன்னது யாரு?"

"நான்."

"நேத்து சாயந்தரம் ஸ்டூல் போட்டு ஏறிப் பூட்ட ஆட்டிப் பாத்தது யாரு?"

"அதுவும் நான்."

"அந்த ரெண்டு பேர்ல யாரு என் புருஷன்னு எனக்குத் தெரியும்."

மார்ச் 16, திங்கள்

'தொடரட்டும்' என்பதை அழுத்தினேன். அவனுக்கு நானே ஃபோனில் சொன்னேன். "துரோகி" என்றான். ஃபோனை வைக்கும் முன், "மாமா" என்று சேர்த்தான்.

மார்ச் 22, ஞாயிறு

அவன் பேசுவதில்லை.

சட்ட வரைவு வெளியாகியிருக்கிறது. சூதாடுவது உரிமை. சரி. காவலர் முறை ரத்து. வளர்ந்தவர்களை அது அவமதிக்கிறதாம். இனி பூட்டியவரே ஒரு பொத்தானை அழுத்தித் திறந்துகொள்ளலாம். கதவுக்குப் பூட்டு, பூட்டிலேயே சாவி.

நான் கட்சி மாறவில்லை. ஆடுவது அவன் உரிமை. ஆடாமலிருக்கத் தன்னைக் கட்டிப்போடச் சொல்வதும் அவன் உரிமைதான். முதல் உரிமைக்குத் தெருவுக்குத் தெரு விளம்பரப் பலகை இருக்கிறது. இரண்டாவதற்கு நான் இருக்கிறேன். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். எத்தனை பேர் சிரித்தாலும் போவேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கூட்டத் தலைவர் பண்பானவர். எல்லோரிடமும் ஒரே அளவு புன்னகைத்தார். விளையாட்டு நிறுவனங்களின் வக்கீல் அணிந்திருந்த கண்ணாடி மூக்கில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. என் கடையில் வாங்கியது அல்ல. அவர் என் கட்டுரையின் நகலை உயர்த்திக் காட்டினார்.

"இந்த வரி உங்களோடதுதானே ஐயா?"

"என்னோடதுதான். அதுக்கடுத்த வரிய எழுத விட்டுட்டேன். அதச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

சொன்னேன். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்பவன் வேறு, கேட்டுக்கொண்டதால் வைத்திருப்பவன் வேறு. முதலாமவனை நீக்குங்கள்; இரண்டாமவனை ஏன் நீக்குகிறீர்கள்? தலைவர் புன்னகையுடன் நேரம் முடிந்தது என்றார். தொடர்ந்தேன். மைக்கை அணைத்தார்கள். மைக் இல்லாமல் தொடர்ந்தேன். லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்தவனைப் பற்றி, பெயர் சொல்லாமல், மறுநாள் அவன் தானாகப் போய் நின்ற வரிசையைப் பற்றி, கடைசிவரை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

வெளியே வந்தால் வாசலில் மைத்துனன், வேலைச் சீருடையோடு. கடைசி வரிசையில் இருந்திருக்கிறான்.

"மைக்க அணைச்சப்புறந்தான் மாமா நல்லாக் கேட்டுச்சு."

ஏப்ரல் 3, வெள்ளி

தொண்டை கட்டிவிட்டது. மனைவிக்கு நிம்மதியான நாள்.

மே 20, புதன்

சட்டம் நிறைவேறியது. உரிமை உண்டு, காவலர் இல்லை. விளக்கக் குறிப்பில் என் வரி இருக்கிறது, என் பெயர் இல்லாமல். ஆசிரியர் ஃபோன் செய்து, "சட்டத்துலயே வந்துட்டீங்க சார்" என்றார்.

ஜூன் 1, திங்கள்

இன்று முதல் சட்டம் அமல். மைத்துனனுக்கு இன்றுதான் மறுபடி லிஃப்ட் பிரிவில் முதல் நாள்.

கடையைத் திறக்கும்போது படியில் நின்றிருந்தான். தன் ஃபோனை என் மேசைமேல் வைத்தான். சட்டைப்பையில் பட்டன் ஃபோன் ஒன்று இருந்தது.

"சாயந்தரம் வந்து வாங்கிக்கறேன். நடுவுல வந்து சட்டம் பேசினா குடுக்காதீங்க."

"இதுக்குச் சட்டத்துல எடம் இல்லியேடா."

"தடையும் இல்லியே. ஆனா நான் மட்டும் குடுத்தா அவமானம். சாவி இன்னொருத்தர் இடுப்புல தொங்கக் கூடாதுன்னு நீங்கதான எழுதினீங்க. நீங்களும் எதாவது குடுங்க."

என்ன கொடுப்பது என்று கேட்டேன். அதை அவனும் அக்காவும் நேற்றே பேசி முடித்துவிட்டார்களாம். கருவிப்பையைத் திறந்து காட்டினான். திருப்புளிகளுக்கு நடுவே எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பா இருந்தது, பூட்டோடு.

ஃபோன் லென்ஸ் இழுப்பறையில் இருந்தது. நடுவில் அவன் வரவில்லை. ஆறு மணிக்கு வந்து ஃபோனை வாங்கிக்கொண்டு போனான். டப்பா அவன் பையிலேயே இருந்தது.

தேநீர் மட்டும் குடித்தேன்.