அப்பாவின் உடைந்த பேச்சு

அன்புள்ள அம்மாவுக்கு, பின்லாந்துல இருந்து கௌதமன் எழுதறனுங்க. நான் நல்லா இருக்கறேன். நீங்க நேரத்துக்குச் சாப்புடறீங்களா? போன்ல சொன்னா பக்கத்துல படுத்திருக்கிற அப்பாவுக்குக் கேட்டுப்போடும்னுதான் கடுதாசி.

வாதம் வந்து நாக்கு குழறுனதுல இருந்து நீங்க போன்ல பதிஞ்சு அனுப்பற அப்பா பேச்சை, பேச்சொலியை ஆராயற எங்க ஒலியியல் துறைல போட்டுக் காட்டுனனுங்க. இவ்வளவு தெளிவா உடைஞ்ச பேச்சைக் கேட்டதே இல்லீன்னு புரொபசர் கையைப் புடிச்சுக் குலுக்குனாரு. எனக்கு இங்கயே வேலை நிரந்தரமாயிருமாட்ட இருக்குது.

அதனால சிங்காநல்லூர்ல பேச்சுப் பயிற்சிக்கு இப்பக் கூட்டிட்டுப் போக வேண்டாமுங்க. சீக்கிரம் பழகுனாத்தான் பேச்சு திரும்பும்னு டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். ஆனா இப்பத் தேறிட்டார்னா ஆராய்ச்சி கெட்டுப்போகும். தை மாசம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.

ஒவ்வொரு பதிவோட கடைசிலயும் "போதுமுங்க, தண்ணி குடிங்க"ன்னு அவர்கிட்டச் சொல்றீங்களே, அதை மட்டும் நான் வெட்டறதில்லீங்க. தனியாச் சோறு திங்கறப்ப அதைத்தான் போட்டுக் கேக்கறேன். வரக்கொத்தமல்லி கொஞ்சம் வறுத்து அனுப்புங்க.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. இந்த வாரம் அப்பாவை என் பேரைச் சொல்லச் சொல்லுங்க. வாய்ல வராம அவர் அழுதாலும் போன்ல பதியறதை நிறுத்தீராதீங்க.

உங்க மகன்,
கௌதமன்