கேட்கும் முன்பே வந்த பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்களையும் அப்பாவையும் வணங்குகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? நாள் முழுக்க ஊரார் வீட்டில் இதையே கேட்டுவிட்டு உங்களிடம் கேட்டால், எனக்கே வேலை மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள், என்ன நோய் என்று அதே வீடுகளில் வருடாவருடம் கேட்டுப் பதிகிறேன். இங்கே எனக்குப் பட்டப்பெயர் 'தலையெண்ணி'.

போன வாரம் ஒரு வேடிக்கை. கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒரு அக்கா வீட்டுக்குப் போனேன். நான் பதிவு செய்யும் டேப்லெட்டைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "காய்ச்சல் இருந்துச்சு. வலிப்பு வரல. மூச்சு இழுத்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகல, வண்டி கிடைக்கல." என் கேள்விகளின் வரிசை பிசகவில்லை. அவர் வீட்டில் இது மூன்றாவது சாவு, மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசியில், "எல்லாம் சரியா சொல்லிட்டேனா தம்பி?" என்றார். தலையாட்டினேன். முந்தைய இரண்டையும் பதிந்து மேலிடத்துக்கு அனுப்பியவனும் நான்தான். இந்த ஊருக்கு ஆஸ்பத்திரி வண்டி இன்னும் வந்தபாடில்லை.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நேரமாகும்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். அப்பாவுக்கு இருமல் என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை நாளாக, சளியில் ரத்தம் வருகிறதா என்றெல்லாம் எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எனக்குக் கேட்க மட்டும்தான் தெரியும், அம்மா.

உங்கள் மகன்