வாசலில் இருந்த பதினொரு சோடி செருப்பு குறித்து

அனுப்புநர்:
சு. சுடலைராஜ் (வயது 57),
மளிகைக் கடை உரிமையாளர்,
கல்மண்டபம், ராயபுரம்,
சென்னை – 600 013.

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்,
சென்னை.

பொருள்: பொது முடக்கக் காலத்தில் கூட்டம் கூடியதாக நான் தெரிவித்த புகார் தவறானது – அதன்பேரில் சீல் வைக்கப்பட்ட குழந்தைகள் காப்பகத்தை நிபந்தனைகளுடன் திறக்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 02.06.2021 அன்று கட்டுப்பாட்டு அறைக்கு நான் தொலைபேசியில் தெரிவித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வருகிறேன். சொந்த ஊர் திசையன்விளை பக்கம். கீழே கடை, அதன் பின்னால் கிடங்கு, மாடியில் குடியிருப்பு. இதுநாள்வரை எந்த அலுவலகத்துக்கும் நான் மனு எழுதியதில்லை. புகாரும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறேன். அந்தப் புகாரைப் பற்றியதுதான் இந்த மனு.

2. என் கடைக்கு நேர் எதிர் வீட்டில் திருமதி ஆலிஸ் என்பவர் ஒன்பது ஆண்டுகளாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். அவருக்கு உதவியாகத் திருமதி கன்னியம்மா இருக்கிறார். இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை, வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டு மாலையில் அழைத்துப் போவார்கள். எங்கள் பக்கத்தில் ‘டீச்சர் வூடு’ என்றால் ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். மே மாதம் முடக்கம் அறிவித்ததும் வாசலில் இருந்த பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். தெருப்பக்க ஜன்னல்களும் சாத்தியே இருந்தன. ஆகவே காப்பகத்தை மூடிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

3. என் தம்பி பாலகணேஷ் 11.05.2021 அன்று அரசு மருத்துவமனை ஒன்றில் கொரோனாவால் இறந்துவிட்டான். கடையில் எனக்கு வலது கை அவன்தான். உடலைப் பொட்டலமாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்க முடியவில்லை. இது மனுவுக்குத் தேவையற்ற செய்தி என்று தாங்கள் கருதலாம். புகார் செய்த நாளில் நான் எந்த மனநிலையில் இருந்தேன் என்பதைப் பதிவு செய்யவே எழுதுகிறேன். நாலு பேர் சேர்ந்து நிற்பதைக் கண்டாலே எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

4. புகார் செய்த அந்த வாரம் மளிகைக் கடைகளைத் திறக்கவும் அனுமதி இல்லை. கடைக்காரனை நாள் முழுவதும் சும்மா உட்கார வைத்தால் அவன் எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருப்பான். மே 31 முதல் மூன்று நாட்கள் மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு எதிர் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஆறரை மணி முதல் பெண்கள் ஒவ்வொருவராக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. ஏழரை மணிக்கு வாசலில் பதினொரு சோடி செருப்பு. மதியமும் அதே பதினொரு சோடி. மாலையில் அதே பெண்கள், அதே செருப்பைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு வெளியே வந்தார்கள். ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது பதினொரு பேர் நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் என்ன செய்கிறார்கள், அதற்குக் கைப்பிள்ளைகளை வேறு கூட்டி வருகிறார்களே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆலிஸ் என்ற பெயரை வைத்து ஜெபக்கூட்டம் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். 02.06.2021 அன்று முற்பகல் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு, “பதினொரு பேர் கூடியிருக்கிறார்கள், செருப்பை நானே எண்ணிப் பார்த்தேன்” என்று சொன்னேன். பெயர் கேட்டார்கள். சொல்லவில்லை.

5. மறுநாள் பதினொரு மணியளவில் தங்கள் அலுவலகக் குழுவினர் வந்தனர். உள்ளே இருந்தவர்கள் இரண்டு பெண்களும் ஒன்பது பிள்ளைகளும் மட்டுமே. கூட்டம் எதுவும் இல்லை. ஆனால் முடக்கக் காலத்தில் அனுமதியின்றிக் காப்பகம் இயங்கியது கண்டறியப்பட்டதால் சீல் வைக்க வேண்டியதாயிற்று. குழுவினர் மரியாதையாகவே நடந்துகொண்டனர். பிள்ளைகள் வெளியே வரும்வரை காத்திருந்தனர். அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. தவறான தகவல் கொடுத்தது நான்.

6. தாய்மார்களுக்குத் தகவல் போனது. அப்போது நான் கீழே இறங்கித் தெருவில் நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான் இறங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. முதலில் வந்தவர் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர், சீருடையிலேயே வந்தார். காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் இருந்த ஒரு சோடியில் காலை நுழைத்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்து வந்தவரும் அப்படியே செய்தார். மூன்றாவது ஆளும் அப்படிச் செய்தபோது, பக்கத்தில் நின்ற கன்னியம்மாவிடம் இது என்ன பழக்கம் என்று கேட்டேன்.

7. அவர் சொன்னதன் சுருக்கம்: முடக்கம் தொடங்கிய நாளிலேயே ஆலிஸ் டீச்சர் ஒரு விதி போட்டிருக்கிறார். வேலைக்குப் போட்டுப் போகும் செருப்பு அந்த வீட்டின் முன்வாசலுக்கும் வரக் கூடாது, பிள்ளைகள் இருக்கும் அறைக்கும் வரக் கூடாது. காலையில் தாய்மார்கள் வீட்டுச் செருப்பை முன்வாசலில் விட்டு, பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பக்கவாட்டு நடை வழியாகப் பின்பக்கம் போவார்கள். அங்கே வேலைச் செருப்பு பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு பின் சந்து வழியாக வேலைக்குப் போய்விடுவார்கள். மாலையில் அதே சந்து வழியாக வந்து, குழாயில் கை கால் கழுவி, துணி மாற்றி, அதன் பிறகே பிள்ளையைத் தொட வேண்டும். வீட்டுச் செருப்போடு முன்வாசல் வழியாகத் திரும்புவார்கள். நான் எண்ணியதில் ஒன்பது சோடி, அந்த நேரத்தில் மருத்துவமனையிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் குப்பை வண்டியிலும் நின்றுகொண்டிருந்தவர்களுடையது. மீதி இரண்டு ஆலிஸ், கன்னியம்மா ஆகியோருடையது. நோய் பரவக் கூடாது என்பதற்காக வைத்த செருப்பை, நோய் பரப்புகிறார்கள் என்பதற்குச் சாட்சியாக நான் சொல்லியிருக்கிறேன்.

8. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் எட்டுப் பிள்ளைகள் போய்விட்டனர். ஒரு சோடி நீல நிற ஹவாய்ச் செருப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அது செங்கொடி என்பவருடையது. வியாசர்பாடி குடியிருப்பைச் சேர்ந்தவர். அரசு மருத்துவமனையில், கொரோனா வார்டில், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். கணவர் இல்லை. கவச உடையைப் போட்டுவிட்டால் ஷிப்ட் முடியும்வரை வெளியே வர முடியாதாம். அவருடைய மகன் பாரிக்கு மூன்று வயது. அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆலிஸ், சீல் வைத்த தம் வீட்டு எதிரே, என் கடையின் மூடிய ஷட்டர் நிழலில் உட்கார்ந்திருந்தார். நாலரை மணிக்குச் செங்கொடி வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, யாரையும் திட்டவில்லை. அழவும் இல்லை. புகார் செய்தது யார் என்று தெரியாமல் என்னைப் பார்த்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஊரு சனத்துக்கெல்லாம் நான் பெட்ஷீட் மாத்தினு கீறேன். என் புள்ளைய மட்டும் எங்க வுட்டுட்டு போறது, நீயே சொல்லு அண்ணாச்சி.” நான் மாடியேறிவிட்டேன். என் தம்பி இருந்ததும் அதே மருத்துவமனை. எந்த வார்டு என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

9. அதன் பிறகு நடந்தவை: வெள்ளிக்கிழமை செங்கொடி விடுப்பு எடுத்தார். சனிக்கிழமை பிள்ளையை வீட்டில் வைத்து வெளியே தாழ் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். பையன் முக்காலியை நகர்த்தி அதன்மேல் ஏறி ஜன்னல் கம்பியில் தலையை விட்டு மாட்டிக்கொண்டான். பக்கத்து வீட்டார் சோப்பு நீர் ஊற்றித் தலையை எடுத்தார்களாம். இப்போது காதோரம் காயம் இருக்கிறது, நானே பார்த்தேன். திங்கட்கிழமையும் அவர் வேலைக்குப் போகவில்லை. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், இன்னொரு நாள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

10. ஜூன் 7 முதல் மளிகைக் கடைகளுக்கு மாலை ஐந்து மணி வரை அனுமதி கிடைத்ததால் கடையைத் திறந்தேன். மறுநாள் காலை, காப்பகம் திறந்துவிட்டதா என்று பார்க்கப் பிள்ளையோடு வந்த செங்கொடி, என் கடையில் பிஸ்கட் வாங்கினார். அன்றும் தாழ் போட்டுவிட்டுத்தான் போகப் போகிறார் என்று தெரிந்தது. பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போ என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. பிறகு, வீட்டுக்குச் சீல் வைத்ததால் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஆலிஸைத் தேடிப் போய், புகார் செய்தது நான்தான் என்றும், பாரி இப்போது என் கிடங்கில் இருக்கிறான் என்றும் சொன்னேன். “கிடங்கில் ஜன்னல் இருக்கிறதா அண்ணாச்சி?” என்று மட்டும் அவர் கேட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

11. ஐயா, இம்மாதிரிக் காப்பகங்கள் முடக்கத்தில் திறந்திருக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்க நான் யார்? பிள்ளைகளால் நோய் பரவாது என்று எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. நோய் என்ன செய்யும் என்பது மட்டும் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். மருத்துவமனை திறந்திருக்க வேண்டும், குப்பை எடுக்க வேண்டும், மீன் கரைக்கு வர வேண்டும் என்று அரசு சொல்கிறது, நியாயம். அந்த வேலைகளுக்குப் போகிறவர்களின் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரை யாரும் சொல்லவில்லை. காப்பகத்தை மூடினால் பிள்ளைகள் காணாமல் போய்விடுவதில்லை. தாழ் போட்ட வீட்டிலோ, துறைமுகத்தில் மீன் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலோ, எங்கேயோ ஓரிடத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்த எந்த இடத்திலும் பிளீச்சிங் தொட்டி இல்லை.

12. நேரில் சொல்லலாம் என்று நேற்று வட்ட அலுவலகத்துக்குப் போனேன். போனில் பெயர் சொல்லாததால், புகார் செய்தவன் நான்தான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. புகாரைத் திரும்பப் பெறவும் வழி இல்லை என்றும், எழுத்து மூலம் தங்களிடம் கொடுக்கும்படியும் சொன்னார்கள். ஆகவே கீழ்க்கண்டவாறு வேண்டுகிறேன்: அத்தியாவசியப் பணிக்கான அடையாள அட்டை உள்ள தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மட்டுமாவது காப்பகத்தைத் திறக்க அனுமதிக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் என்பதைத் தாங்களே நிர்ணயிக்கலாம். தினமும் காய்ச்சல் பார்த்து எழுதி வைக்க ஆலிஸ் சம்மதிக்கிறார்; அதற்கான கருவியை நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அபராதம் ஏதும் இருந்தால் அதை விதிக்க வேண்டியது என்மீதுதான்.

13. இறுதியாக, என்மீதே ஒரு புகாரைத் தெரிவித்துக்கொள்கிறேன். இம்முறை பெயரோடு. 08.06.2021 முதல் என் கிடங்கில் பாரி உள்பட நான்கு பிள்ளைகள், ஆலிஸ், கன்னியம்மா ஆகியோரின் பொறுப்பில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருந்து வருகின்றனர். இதற்கு எவ்வித அனுமதியும் இல்லை. இடமும் சரியில்லை. மிளகாய் வற்றல் நெடியில் நாலு பேரும் தும்முகிறார்கள்; அதைக் கேட்டு வாடிக்கையாளர்கள் பாதியில் ஓடுகிறார்கள். எலி மருந்தை அப்புறப்படுத்திவிட்டேன், எலியை முடியவில்லை. பிள்ளைகள் அங்கே இருக்கக் கூடாது என்பதில் தங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. வரும் திங்கட்கிழமை 14.06.2021 முதல் மேலும் இருவரை விட முடியுமா என்று கேட்கிறார்கள். எனக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் எதிர் வீட்டைத் திறக்க உத்தரவிட வேண்டும். இயலாவிட்டால் என் கடைக்கு வந்து சீல் வைக்கலாம். நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான்கு தாய்மார்களும் வேலைக்குப் போக முடியாது என்பதையும், அவர்களில் ஒருவர் போகாவிட்டால் வார்டில் பெட்ஷீட் மாற்ற ஆள் குறையும் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

14. விசாரணைக்கு வரும் அலுவலர்களுக்கு ஒரு குறிப்பு. என் கடைப் படியில் தற்போது ஏழு சோடி செருப்பு இருக்கும். நான்கு சோடி வேலைக்குப் போயிருக்கும் தாய்மார்களுடையது, இரண்டு ஆலிஸ், கன்னியம்மாவுடையது. ஏழாவது என் தம்பியுடையது. அதை இன்னும் நான் எடுக்கவில்லை. தயவுசெய்து எண்ணிப் பார்த்து முடிவு செய்யாமல், கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ராயபுரம்
நாள்: 10.06.2021

தவறை ஒப்புக்கொண்டு, தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
சு. சுடலைராஜ்

இணைப்பு: தாய்மார்கள் நால்வரின் பணி அடையாள அட்டை நகல்கள், எதிர் வீட்டுப் பின்பக்கத் தொட்டியின் புகைப்படம், சந்திலிருந்து எடுத்தது.