சிகாகோவில் வளரும் பழனி முடி

ஜலகண்டாபுரம்
12.11.1983

அன்புத் தம்பி சென்னியப்பனுக்கு,

அக்கா வசந்தாமணியின் ஆசிகள். இங்கே அப்பா, அம்மா, நான், பிள்ளைகள், எருமைகள் எல்லோரும் சுகம். நீயும் உன் தோளைத் தொடும் முடியும் சுகமாக இருக்கிறீர்களா?

மேட்டூரில் உன் சிநேகிதர் கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டு இரண்டும் உடையாமல் வந்து சேர்ந்தன. ஒன்று, பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் நீ எழுதியிருந்த அந்த அமெரிக்கப் பாட்டு நாடகத்தை முதலில் ஆடியவர்கள் பாடியது. இன்னொன்று, அதைக் கேட்டுக் கேட்டுக் கிறுக்குப் பிடித்து நீங்கள் சிகாகோவில் மறுபடி ஆடிப் பாடியது. சண்டைக்குப் போகமாட்டோம் என்று முடி வளர்த்த பையன்களின் கதை என்று எழுதியிருந்தாய். தேசத்துக்குத் தேசம் அவரவர் பாஷையில் ஆடி அவரவர் தட்டுப் போட்டார்களாமே. நம் பக்கத்துக் கூத்தையும் ஊருக்கு ஊர் ஒரு மாதிரி ஆடுவார்களே, அது போலத்தான் போலிருக்கிறது.

உங்கள் தட்டின் அட்டையை அப்பாவுக்குக் காட்டாமல் ஒளித்து வைத்தேன். போன வருஷம் உன் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவர் உன் பேரையே சொல்வதில்லை. முடியை வெட்டினால்தான் வாசலில் கால் வைக்கலாம் என்றவர், இறங்கி வரவே இல்லை. ஆனால் அட்டையை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஆணும் பெண்ணுமாக அத்தனை பேருக்கும் நீள முடி. "இத்தன பேரும் பழனிக்கு நேந்து உட்டிருக்கறாங்களா சாமி?" என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. எல்லோருக்கும் குங்குமம் வைத்துவிட்டாள், உன் நெற்றியில் கொஞ்சம் கூடுதலாக. அப்பாவிடமும் போய்ச் சொன்னாள். அவர் காதில் வாங்காத மாதிரி இருந்தார்.

மாரியம்மன் பண்டிகைக்கு மைக்செட் போட்ட அப்புசாமி தட்டை வாங்கிக்கொண்டு போனான். சாமி பாட்டு நாலு போட்டுவிட்டு நடுவில் உன்னுடையதைப் போட்டான். முதலில் சனம் திருதிருவென்று விழித்தது. பிறகு பம்பைக்காரர் பொன்னன் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கூடவே அடிக்க ஆரம்பித்தார். இளவட்டங்கள் புழுதி பறக்க ஆடினார்கள். நானும் ஆடினேன். லாரியோடு வடக்கே போயிருக்கும் உன் மாமாவுக்கு எழுதும்போது இதைச் சேர்க்காதே.

அப்புசாமி சும்மா இருக்காமல், பாடுவது செங்கோட்டையன் மகன் என்று மைக்கில் சொல்லிவிட்டான். கூட்டம் அப்பாவைச் சூழ்ந்துகொண்டது. அட்டை கைக்குக் கை மாறியது. பையன் ஏன் இப்படி முடி வளர்த்திருக்கிறான் என்று பங்காளி ஒருத்தர் நக்கலாகக் கேட்டார். அப்பாவின் முகம் சிவந்தது.

"பழனிக்கு உட்ட முடிங்க. தையில வந்து எடுத்துக்குவான்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மாரியம்மன் வாசலில் நின்று சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது? காவடிக் கூட்டத்தில் உன் பேரையும் சேர்த்துவிட்டார்கள். ஆகவே உனக்கு எழுதச் சொல்லி அப்பா சொன்னது இதுதான்: தலையில் கத்திரி படக்கூடாது, தை பிறப்பதற்குள் அப்படியே வந்து சேர வேண்டும். எந்த முடிக்காக வாசலை அடைத்தாரோ அதைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்கிறார். எண்ணெய் தேய்க்கிறானா என்று வேறு விசாரிக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சந்தோஷத்தில் அழுகையும் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்டிகை முடிந்ததிலிருந்து அப்பா சவரம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டேன். "நேந்துக்கிட்டது நானு. அவன் தலைய மட்டும் குடுத்தா சாமி ஏத்துக்குமா அம்மிணி?" என்றார். தாடி முழுக்க வெள்ளையாக வந்திருக்கிறது. அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே தபால்காரர் வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு, சாமி. அதை அப்பா பேருக்கே போடு.

உன்னை வாழ்த்தும்,
அக்கா வசந்தாமணி