களவாண்ட பிள்ளையார்

செப்டம்பர் 3, புதன்

மழையில்லாம வெடிச்ச கண்மாயில மாட்டுக் கால் மாட்டுன வருசம் அது. எங்க வெள்ளைக்காளை செத்ததும், மூத்தவன் பெறந்ததும் அப்பத்தான். மழைக்காக நாலு பேரு போயி, கிழக்கூருக் கண்மாய்க்கரைப் பிள்ளையாரைத் தூக்கியாந்தோம். களவாண்ட பிள்ளையாருக்குத்தான் சக்தி சாஸ்தி. எட்டாம் நாள் மழை.

இந்தச் சதுர்த்திக்கு எவனோ அவரைச் செல்லுல படம் பிடிச்சுப் போட்டுட்டான். இன்னைக்கு ஏட்டு ஐயா வந்து நிக்கிறாரு. "பழைய சிலையால்ல இருக்கு? எப்படி வந்துச்சு?"

"நாங்கதான்யா களவாண்டோம்"னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன்.

மருமக முனீஸ்வரி தலையில அடிச்சுக்கிருச்சு. நான் கைநாட்டு, நான் சொல்லச் சொல்ல முனீஸ்வரிதான் இதை எழுதுது. போலீஸ்ல ஒரே பேச்சாப் பேசணுமாம், அதுக்குத்தான் இந்த நோட்டு.

செப்டம்பர் 4

கிழக்கூருக்காரன் எழுதிக் குடுத்தா என்மேல கேசு, பிள்ளையாரு கோர்ட்டுக்குப் போயிருவாராம். ஊரே திட்டுது. "பெருசு, வாய மூடிட்டு இருந்தா என்னய்யா?" இன்னும் விதைக்கலையே. அவரு இல்லாம மழைக்கு யாரைக் கேக்க?

செப்டம்பர் 6

சோறு இறங்கல.

செப்டம்பர் 8, திங்கள்

ஸ்டேசனுக்குக் கிழக்கூருப் பெரியாளு சீனிச்சாமி வந்திருந்தாரு. எம்பது வயசு.

"இது உங்க பிள்ளையாரா?"ன்னாரு ஏட்டு.

"எங்களுதுதான்"னாரு சீனிச்சாமி.

"உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"காரியாபட்டிப் பக்கம் ஒரு ஊருல களவாண்டோம்யா."

ஏட்டு பேனாவை மூடிட்டாரு. "அப்ப அந்த ஊர்க்காரனைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. அவன் எங்க களவாண்டானோ!"

"ரெண்டு பெருசும் எந்திரிச்சுப் போங்கய்யா."

வெளியே டீ சீனிச்சாமி அண்ணன்தான் வாங்கிக் குடுத்தாரு. "தவசி, உங்க ஊருல போன வருசம் மழை எப்படி?"ன்னாரு. நல்ல மழைண்ணே, கரை தெரியலன்னேன். அவுக ஊருல சோளம் கருகிப்போச்சாம்.

செப்டம்பர் 24

பிள்ளையாரைக் காணோம்.

ஏட்டு வந்து, "யார் மேல சந்தேகம்?"னாரு. யாரையும் தெரியாதுய்யான்னுட்டேன். முனீஸ்வரியே ஆச்சரியமாப் பாக்குது.

பீடத்துல வெத்திலை பாக்கு, ஒத்தை வாழைப்பழம். மலையேறிப் போன சூடத்தோட கரி. சிலை விக்கிறவனா இதெல்லாம் வச்சுட்டுப் போவான்? சாமிகிட்டக் கேட்டுட்டுத் தூக்குறது எங்க காலத்து முறை. என்கூட வந்த ஆண்டிச்சாமி போயாச்சு, தங்கசாமி போயாச்சு, செல்லக்கிளி மாமனும் போயாச்சு. அந்த முறை தெரிஞ்சு உசுரோட இருக்கது, என்னை விட்டா, கிழக்கூரு சீனிச்சாமி அண்ணன் ஒருத்தருதான்.